ஃபாஸ்டேக்: ஸ்டிக்கர் நல்லது, ஒட்டும் விதத்தில்தான் சிக்கல் — வடசென்னை ஓட்டுநர்களுக்கு ஒரு விமர்சனம்

டோல் கட்டணத்தைத் தானாகப் பிடிக்க உதவும் ஃபாஸ்டேக் ஸ்டிக்கரை வாங்க ஐந்து நிமிடம் போதும். ஒட்ட இருபது நிமிடம் ஒதுக்குங்கள். சூரப்பட்டு டோல்கேட்டில் தடுப்புக் கட்டை தூக்காமல், பின்னால் நிற்கிற லாரி ஹாரன் அடிக்க, ஊழியர் டேக்கைப் படிக்கும் கை ரீடரோடு வண்டியைச் சுற்றி வரும் காட்சிக்கு ஸ்டிக்கரின் சிப் காரணமாவது அபூர்வம். ஒட்டிய இடம் தப்பாக இருக்கும், அல்லது கணக்கில் ஏதோ ஒரு விவரம் தப்பாக இருக்கும். இரண்டையும் வீட்டு வாசலிலேயே சரிசெய்துவிடலாம்.

முதலில் பொருளைப் பற்றி. இது பேட்டரி இல்லாத ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கர், அதாவது ரேடியோ அலையால் படிக்கப்படுவது. உள்ளே கடுகளவு சிப், அதைச் சுற்றி மெல்லிய உலோக ஆன்டெனா, அவ்வளவுதான். லேனுக்கு மேலே இருக்கும் ரீடர் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அனுப்பும் சக்தியை வாங்கிக்கொண்டு, அதே சக்தியில் தன் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. சார்ஜ் தீர்வது, சாஃப்ட்வேர் அப்டேட் செய்வது போன்ற தொல்லை எதுவும் கிடையாது. ஆனால் அந்தச் சக்தி மிகக் குறைவு என்பதால் நடுவில் உலோகம் வந்தால் படிக்காது. கீழே ஒட்டுவதைப் பற்றிச் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான்.

வாங்குவது எளிது. பெட்ரோல் பங்க், வங்கிக் கிளை, வங்கி ஆப், டோல்கேட்டில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் முகவர் என எங்கும் கிடைக்கும். ஆர்சி புக், ஆதார் அல்லது பான், நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி வண்டியின் முன்பக்கப் படம், ஓடிபி வர உங்கள் சொந்த செல்போன் எண், இவை போதும். காருக்கு டேக் விலை வரி உட்பட 100 ரூபாய். பல வங்கிகள் இதோடு 200 ரூபாய் டெபாசிட் வாங்குகின்றன, அது கணக்கை மூடும்போது திரும்ப வரும். மீதி நீங்கள் போடும் ரீசார்ஜ். அதற்கு மேல் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று யாராவது கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

எந்த வங்கி என்பதில் தொழில்நுட்ப வித்தியாசம் எதுவும் இல்லை. எல்லா வங்கியின் டேக்கும் ஒரே தரத்தில் செய்தது, எல்லா டோல்கேட்டிலும் படிக்கும். வித்தியாசம் பிரச்சினை வரும்போதுதான் தெரியும்: தப்பாகப் பிடித்த பணத்துக்குப் புகார் பதிவு செய்யும் வசதி ஆப்பிலேயே இருக்கிறதா, கணக்கை மூட நேரில் வரச் சொல்கிறார்களா. கேஷ்பேக்கைப் பார்த்து வாங்காதீர்கள். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியின் டேக் எடுப்பது என் பரிந்துரை. கேஒய்சி என்னும் அடையாளச் சரிபார்ப்பு ஏற்கெனவே முடிந்திருக்கும், சில வங்கிகளில் பணமும் கணக்கிலிருந்தே நேரடியாகப் போகும்.

முகவரிடம் வாங்கினால் அந்த இடத்தை விட்டு நகர்வதற்கு முன் மூன்றைப் பாருங்கள். ஒன்று, ஆக்டிவேஷன் மெசேஜ் உங்கள் போனுக்கு வந்ததா. முகவர் தன் எண்ணையே பதிவு செய்துவிட்டால் பின்னால் ரீசார்ஜ் தவிர வேறு எதையும் நீங்கள் செய்ய முடியாது. இரண்டு, மெசேஜில் வண்டி எண் எழுத்துக்கு எழுத்து சரியா. ‘டிஎன் 05’ என்பதில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ‘ஓ’ விழுந்தால் கணக்கு வேறு வண்டியுடையதாகிவிடும். மூன்று, டேக்கின் நிறம். கார், ஜீப், வேன் அடங்கிய நான்காம் வகுப்புக்கு ஊதா. ஆரஞ்சு நிறத்தில் கொடுத்தால் அது இலகுரக சரக்கு வண்டிக்கானது. ஒவ்வொரு டோலிலும் கூடுதலாகப் பிடிக்கும்.

புது கார் என்றால் ஷோரூமிலேயே ஒட்டிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அது சேஸிஸ் எண்ணில் பதிவான டேக். நம்பர் பிளேட் வந்ததும், வண்டி வாங்கிய 90 நாளுக்குள் பதிவெண்ணை வங்கி ஆப்பில் ஏற்ற வேண்டும். இதை மறந்தவர்கள் முதல் நீண்ட பயணத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள்: பேலன்ஸ் இருக்கும், டேக் முடங்கியிருக்கும்.

இப்போது ஒட்டுவது. இங்கே அவசரப்படாதீர்கள், ஏனென்றால் வாய்ப்பு ஒன்றுதான். யாரும் கழற்றி வேறு வண்டியில் ஒட்டக்கூடாது என்பதற்காக, உரித்தால் ஆன்டெனா அறுந்துபோகும்படிதான் டேக்கைச் செய்திருக்கிறார்கள். கோணலாக ஒட்டிவிட்டு நேராக்கப் பார்த்தால் 100 ரூபாய் போச்சு.

இடம்: முன் கண்ணாடியின் உள்பக்கம், மேலே, நடுவில், ரியர்வியூ மிரருக்குப் பின்னால். கண்ணாடியின் மேல் விளிம்பில் கறுப்புப் பட்டையும் அதையொட்டிச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளும் இருக்கும். சாதாரணக் கண்ணாடியில் அந்தப் புள்ளிகளுக்குக் கீழே, வழுவழுப்பான இடத்தில் ஒட்டுங்கள். புள்ளிகள் மேல் பசை முழுதாகப் பிடிக்காமல் காற்று தங்கும். ஆனால் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் உலோகப்பூச்சுக் கண்ணாடி உள்ள கார்களில் கதையே வேறு. அந்தப் பூச்சு ரேடியோ அலையையும் தடுக்கும். அதனால் மிரருக்குப் பக்கத்தில் பூச்சில்லாத ஒரு சிறு இடத்தை ஒதுக்கியிருப்பார்கள். பல மாடல்களில் அந்த இடத்தைப் புள்ளிகளால்தான் குறித்திருப்பார்கள். காரோடு வந்த கையேட்டில் ‘டோல் டேக்’ ஒட்டும் இடம் என்று படம் இருக்கும். அதைப் பார்க்காமல் ஒட்டினால் எந்த டோல்கேட்டிலும் படிக்காது, எத்தனை டேக் மாற்றினாலும்.

மழை சென்சார், கேமரா, டேஷ்கேம் இருந்தால் அவற்றிலிருந்து ஒரு கை விரல் நீளமாவது தள்ளி ஒட்டுங்கள். கண்ணாடியின் மேல்பகுதியில் பச்சை ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதன் மேல் வேண்டாம். மிரரில் தொங்கும் பித்தளைச் சிலை, வெள்ளிப் பூச்சு வேல் எல்லாம் டேக்குக்கு நேர் முன்னால் வராதபடி கொஞ்சம் நகர்த்துங்கள், சாமியைக் கழற்ற வேண்டியதில்லை. இடது கீழ் மூலையில் ஒட்டுகிற பழக்கம் நம்மூரில் நிறைய. ரீடர் மேலே இருக்கிறது. கீழ் மூலையில் போனட்டும் டேஷ்போர்டு உலோகமும் அலையைக் கெடுக்கும்.

கண்ணாடியைத் துடைப்பதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இரவில் தெருவில் நிற்கும் கார்களில் வெளிப்பக்கம் உப்பும் தூசும் படிவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் பசை பிடிக்காமல் செய்வது உள்பக்கப் படலம். டேஷ்போர்டுக்குப் போடும் பாலிஷும் வெயிலில் பிளாஸ்டிக் கக்கும் ஆவியும் சேர்ந்து, கண்ணாடியில் எண்ணெய் மாதிரி ஒரு மெல்லிய பூச்சாக நிற்கும். ஈரத்துணியால் துடைத்தால் அது பரவுமே தவிர போகாது. மெடிக்கல் ஷாப்பில் ஊசி போடும்போது துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சு இரண்டு வாங்குங்கள். ஒன்றால் துடைத்து, இரண்டு நிமிடம் உலரவிட்டு, இரண்டாவதால் திரும்பத் துடைத்து, நூல் உதிராத காய்ந்த துணியால் முடியுங்கள்.

நேரம்: காலை ஒன்பது மணிக்குள், அல்லது வண்டி நிழலில் நிற்கும்போது. சூடான கண்ணாடியில் பசை இளகி டேக் நழுவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒட்டினால் ஏசியைக் கண்ணாடிப் பக்கம் பத்து நிமிடம் ஓடவிட்டு ஈரம் போனபின் ஒட்டுங்கள்.

பின்தாளை மொத்தமாக உரிக்க வேண்டாம். மேல் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் உரித்து, லோகோ வெளியே தெரியும்படி கண்ணாடியில் மட்டம் பார்த்து வையுங்கள். பிறகு ஒரு பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரமாக அழுத்திக்கொண்டே தாளைக் கீழே இழுங்கள். குமிழி வந்தால் ஊசியால் குத்தாதீர்கள், ஆன்டெனா கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியாது. ஓரமாகத் தள்ளினால் போதும், சிறு குமிழி ஒன்றிரண்டு இருந்தால் பாதகமில்லை. ஒரு நாளைக்கு அந்த இடத்தை உள்ளிருந்து துடைக்க வேண்டாம்.

ஒட்டும் முன்பே டேக்கை இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள எண் ஆறு இலக்க வங்கிக் குறியீடு, மூன்று இலக்கம், ஏழு இலக்கம் என்று கோடு போட்டுப் பிரித்திருக்கும். புகார் செய்யும்போது முதலில் கேட்பது அதைத்தான். ஒட்டிய பிறகு மிரருக்குப் பின்னால் தலையை நுழைத்துப் படிப்பது பெரும்பாடு. ஒட்டி முடித்ததும் நம்பர் பிளேட்டும் டேக்கும் ஒரே படத்தில் வரும்படி முன்னாலிருந்து ஒரு படம். வங்கி வாகனச் சரிபார்ப்புக்குக் கேட்டால் இதுதான் தேவைப்படும்.

செல்லோ டேப் போட்டு ஒட்டுவது, பாலிதீன் உறையில் வைத்து டேஷ்போர்டில் போடுவது, தேவைப்படும்போது கையில் எடுத்துக் காட்டுவது, இதெல்லாம் இனி ஆகாது. இப்படி ஒட்டாத டேக்குகளைப் பற்றி டோல்கேட் நடத்துவோர் உடனே தெரிவிக்க வேண்டும், அவற்றை பிளாக்லிஸ்டில், அதாவது முடக்கப்பட்ட டேக்குகளின் பட்டியலில், சேர்ப்போம் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையில் அறிவித்துவிட்டது.

இனி ஓட்டுவது. வடசென்னையிலிருந்து கிளம்பினால் முதலில் வருகிற டோல்கேட் போகும் திசையைப் பொறுத்தது. புழல் வழியாக பைபாஸ் ஏறித் தாம்பரம் பக்கம் போனால் சூரப்பட்டு, பிறகு வானகரம். ஜிஎன்டி சாலையில் செங்குன்றம் தாண்டி ஆந்திரா பக்கம் போனால் நல்லூர். திருவள்ளூர் தாண்டித் திருப்பதி போனால் பட்டரைபெரும்புதூர். இவை எல்லாம் தேசிய நெடுஞ்சாலை. மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரை 62 கிலோமீட்டர் போகும் வெளிவட்டச் சாலை மாநில அரசுடையது. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், பாஸ் எடுக்கும்போது காசாகக் கணக்கில் வரும்.

லேனுக்குள் நுழையும்போது முன்வண்டிக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கார் நீள இடைவெளி விடுங்கள். துறைமுகத்துக்குப் போய்வரும் கன்டெய்னர் டிரெய்லருக்குப் பின்னால் இது இரண்டு மடங்கு முக்கியம். முட்டிக்கொண்டு நின்றால் ரீடர் உங்கள் டேக்கையும் முன்வண்டியினுடையதையும் ஒன்றாகப் பிடித்து வரிசை குழம்பலாம். டிரெய்லரின் இரும்புப் பெட்டி அலையைச் சிதறடிக்கவும் செய்யும். நடை வேகத்தில் போய், கட்டை தூக்கவில்லை என்றால் முழுதாக நிறுத்தி, ஒரு மீட்டர் பின்னே வாருங்கள், பின்னால் இடம் இருந்தால். பல நேரம் அதிலேயே படித்துவிடும்.

படிக்கவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: திரையில் என்ன காட்டுகிறது? ‘டேக் தெரியவில்லை’ என்பதும் ‘பிளாக்லிஸ்ட்’ என்பதும் வேறு வேறு. முதலாவது என்றால் கை ரீடரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். டேக் சரியாக இருந்து, பேலன்ஸும் இருந்து, டோல்கேட் கருவியின் கோளாறால் பணம் எடுக்க முடியாமல் போனால், கட்டணம் வாங்காமல் பூஜ்யத் தொகை ரசீது கொடுத்து அனுப்ப வேண்டும் என்பது 2018 மே 7 அறிவிக்கையில் வந்த விதி. இதைச் சண்டையாகக் கேட்க வேண்டாம். வங்கி ஆப்பில் ‘ஆக்டிவ்’ நிலையையும் பேலன்ஸையும் காட்டி, ‘ஜீரோ ரசீது கொடுங்க’ என்று சொன்னால் சூப்பர்வைசருக்குப் புரியும்.

பிளாக்லிஸ்ட் என்றால் தப்பு நம் பக்கம்தான் இருக்கும்: பேலன்ஸ் இல்லை, கேஒய்சி பாக்கி, பதிவெண் ஏற்றவில்லை, அல்லது அதே வண்டிக்குப் பின்னால் யாரோ இன்னொரு டேக் எடுத்துவிட்டார்கள். ஒரு வண்டிக்கு ஒரு டேக் என்பதால் கடைசியாக எடுத்தது மட்டுமே உயிரோடு இருக்கும். 2025 நவம்பர் 15-ல் வந்த விதிப்படி, செல்லாத டேக்கோடு வந்து யுபிஐயில் கட்டினால் கட்டணம் 1.25 மடங்கு; ரொக்கத்துக்கு அப்போது வைத்தது 2 மடங்கு. 100 ரூபாய் டோலுக்கு 125 அல்லது 200. ரொக்கத்தை நீட்டாமல் போனை எடுங்கள்.

லேனில் நின்றுகொண்டு ரீசார்ஜ் செய்வதை நம்ப வேண்டாம். பணம் வங்கிக்குப் போய், டேக்கின் முடக்கம் நீங்கி, அந்தத் தகவல் டோல்கேட் வரை வந்து சேர நேரம் பிடிக்கும். முந்தின நாள் இரவே போட்டுவிடுங்கள். ஆட்டோ ரீசார்ஜ் வசதி இருந்தால் 300 ரூபாய்க்குக் கீழே இறங்கும்போது 500 ஏறும்படி வைத்தால் உள்ளூர் ஓட்டத்துக்குப் போதும். ஏப்ரல் முதல் தேதியும், சில டோல்கேட்டுகளில் செப்டம்பர் முதல் தேதியும் கட்டணம் மாறும். அந்த மாதங்களில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதே டோல்கேட்டை 24 மணி நேரத்துக்குள் திரும்பத் தாண்டினால் போய்வர மொத்தம் ஒன்றரை மடங்குதான். டேக் இருந்தால் அந்தத் தள்ளுபடி தானாக விழும், கேட்க வேண்டியதில்லை.

பாஸ் விஷயத்தில் நிறைய பேர் தப்பான ஒன்றை எடுக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 15-ல் வந்த வருடாந்திர பாஸ் தொடங்கியபோது 3000 ரூபாய். ஒரு வருடம் அல்லது 200 தடவை, எது முதலில் முடிகிறதோ அது. சொந்த உபயோக கார், ஜீப், வேனுக்கு மட்டும்; மஞ்சள் போர்டுக்குக் கிடையாது. ‘ராஜ்மார்க் யாத்ரா’ ஆப்பில், இருக்கிற டேக்கிலேயே ஏற்றிக்கொள்ளலாம். அந்த விலையில் ஒரு தடவைக்கு 15 ரூபாய் விழுந்தது. மாதம் ஒருமுறை திருப்பதி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மதுரை என்று போகிற குடும்பத்துக்கு இதைவிட நல்ல பேரம் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்.

ஆனால் புழலிலோ கதிர்வேட்டிலோ குடியிருந்து தினமும் சூரப்பட்டைத் தாண்டி வேலைக்குப் போகிறவர் கணக்குப் போட வேண்டும். போக ஒன்று, வர ஒன்று. 200 தடவை 100 வேலை நாளில் தீர்ந்துவிடும். வானகரமும் சேர்ந்தால் 50 நாள். அவருக்கு ஏற்றது டோல்கேட்டிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கான உள்ளூர் மாதாந்திர பாஸ். 2025-26-ல் அது சுமார் 350 ரூபாய், அந்த ஒரு டோல்கேட்டுக்கு மட்டும், எத்தனை தடவை வேண்டுமானாலும். சொந்த உபயோக வண்டியின் ஆர்சி, அந்த ஊர் முகவரிச் சான்றோடு டோல்கேட் அலுவலகத்தில் கேளுங்கள். இதைப் பற்றி அங்கே பெரிதாகப் போர்டு வைத்திருக்க மாட்டார்கள், நீங்களாகத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று: வருடாந்திர பாஸ் மாநில அரசின் மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையில் செல்லாது. அங்கே சாதாரண பேலன்ஸிலிருந்துதான் பணம் போகும். ‘பாஸ் இருக்கிறதே’ என்று பேலன்ஸைத் துடைத்து வைத்திருப்பவர் அங்கேதான் மாட்டுவார்.

பணம் தப்பாகப் போவது இரண்டு விதம். வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போதே எங்கோ டோலில் பிடித்ததாக மெசேஜ் வரும்; ஏதோ ஒரு வண்டியின் டேக் படிக்காதபோது ஊழியர் கையால் எண்ணைத் தட்டியதில் பிழை. அல்லது ஒரே தடவைக்கு இரண்டு முறை பிடித்திருக்கும். மெசேஜ் சில சமயம் தாமதமாக வரும் என்பதால், மெசேஜ் வந்த நேரத்தைப் பார்க்காமல் ஆப்பில் டோலைத் தாண்டிய நேரத்தைப் பாருங்கள். நேற்று போன டோல் இன்று காட்டுவது பிழையாகாது. உண்மையான பிழை என்றால் முதலில் டேக் கொடுத்த வங்கியில் புகார். அந்த நேரத்தில் வண்டி எங்கே நின்றது என்பதற்கு சிசிடிவி படமோ பார்க்கிங் ரசீதோ இருந்தால் இணையுங்கள். நெடுஞ்சாலை உதவி எண் 1033 இருபத்துநாலு மணி நேரமும் இயங்கும், அதிலும் பதியலாம். கையால் தட்டித் தப்பாகப் பிடித்தால் டோல் நடத்துவோருக்கு ஒவ்வொரு தவறுக்கும் 1 லட்சம் ரூபாயோ அதற்கு மேலுமோ அபராதம் உண்டு, ஆகவே 85 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

மூலக்கடை சிக்னலில் கண்ணாடி துடைக்கிற பையன் கைக்கடிகாரத்தால் டேக்கை ஸ்கேன் செய்து பணம் எடுப்பான் என்று வரும் வாட்ஸ்ஆப் வீடியோவை நம்ப வேண்டாம். பதிவு பெற்ற டோல்கேட், பார்க்கிங் போன்ற இடங்களின் கணக்குக்கு மட்டும்தான் இந்த அமைப்பில் பணம் போகும், தனிநபருக்குப் போகாது என்று இந்தப் பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய கொடுப்பனவுக் கழகம் (என்பிசிஐ) 2022-லேயே விளக்கிவிட்டது. அந்தப் பிள்ளைகளை விரட்டாதீர்கள்.

லாரி டயர் தெறித்த கல்லில் முன் கண்ணாடி விரிசல் விடுவது மணலி, எண்ணூர் சாலைகளில் ஓடும் கார்களுக்குச் சகஜம். கண்ணாடி மாற்றினால் டேக்கும் போகும். ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடும் அன்றே அதே வங்கியில் ‘ரீப்ளேஸ்மென்ட் டேக்’ கேளுங்கள். பழைய பேலன்ஸ் அப்படியே இருக்கும். புதிதாக வேறு வங்கியில் எடுத்தால் பழைய டெபாசிட்டுக்காகத் தனியாக அலைய வேண்டும்.

காரை விற்கும்போது, சாவியைக் கொடுப்பதற்கு முன் கணக்கை மூடுங்கள். மூடாவிட்டால் வாங்கியவர் ஓடும் டோலெல்லாம் உங்கள் பணம். மூடும் கோரிக்கை எண்ணை எழுதிவைத்து, பேலன்ஸும் டெபாசிட்டும் வந்ததா என்று பாருங்கள். பழைய கார் வாங்குகிறவர் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் டேக்கை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதை ஒட்டக்கூடாது. முடி உலர்த்தும் டிரையரை இரண்டு நிமிடம் காட்டி, ஓரத்தைப் பிளேடால் மெல்லத் தூக்கி, துண்டு துண்டாக வந்தாலும் முழுதாகச் சுரண்டி எடுங்கள். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் கையோடு வரும். அதன்பின் அந்த இடத்தை ஸ்பிரிட்டால் இரண்டு முறை துடைக்காமல் புது டேக்கை எடுக்காதீர்கள். எண்ணெய் மிச்சம் இருந்தால் அடுத்த சித்திரை வெயிலில் டேக் டேஷ்போர்டில் கிடக்கும்.